செம்பனை ஓலையில் தொங்கும் பையிலிருந்து அந்துப்பூச்சி ஏன் வெளியே வருவதில்லை?

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, பாமாயில் தரும் செம்பனை மரத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் குடியிருக்கும் நீங்கள், ஓலைகளின் அடிப்புறத்திலும் கொல்லைக் கொய்யா மரத்திலும் சமையலறைச் சுவரிலும் சிறு பழுப்பு நிறப் பைகளைக் கண்டதாகவும், சிலவற்றைப் போத்தலில் இட்டுப் பல வாரங்கள் காத்திருந்தும் ஓர் அந்துப்பூச்சிகூடப் பறந்து வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது வெளிநாட்டுப் பூச்சியா, பிள்ளைகள் தொட்டால் அரிக்குமா, மருந்து அடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை அனைத்துக்கும் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: பறந்து வராத ஓர் அந்துப்பூச்சி, ஒரு தோட்டத்தையே காய வைக்கும் அளவுக்கு எப்படிப் பெருகுகிறது? பூச்சியியல் பயின்று, செம்பனைத் தோட்டங்களில் பூச்சிக் கணக்கெடுப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் சுவரையும் மரத்தையும் பிரித்துவிட வேண்டும். சமையலறைச் சுவரில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வேறோர் உயிர். தட்டையாக, பூசணி விதை வடிவில், இரு முனையும் திறந்திருக்கும் அந்தக் கூடு, துணி அரிக்கும் அந்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புழுவுடையது. சிலந்தி வலைக் கழிவையும் உதிர்ந்த முடியையும் தின்று வாழ்வது. எந்த மரத்துக்கும் அதனால் கேடில்லை. ஓலையில் தொங்குவதுதான் தோட்டத்தில் எல்லாரும் உலாட் புங்குஸ் என்று சொல்லும் பைப்புழு. அது சைகிடே என்னும் குடும்பத்து அந்துப்பூச்சியின் புழுப்பருவம். மலேசியச் செம்பனையில் இக்குடும்பத்தின் மூன்று இனங்கள் முக்கியமானவை. மெட்டிசா பிளானாவின் முதிர்ந்த பை ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளமிருக்கும். கூட்டுப்புழுவாகும் நேரத்தில் குட்டையான, உறுதியான ஒரு பட்டுக் கொக்கியால் ஓலையின் அடிப்புறத்தில் மாட்டிக்கொள்ளும். டெரோமா பெண்டுலா அதைவிடச் சிறியது. அதன் பை நீண்ட மெல்லிய இழையில் தனியே தொங்கும். மஹாசெனா கார்பெட்டி மூன்றிலும் பெரியது. தழைத் துண்டுகள் ஒழுங்கின்றிப் பிதுங்கி நிற்கும் அதன் பை பல சென்டிமீட்டர் வளரும். மலாயா அரசின் பூச்சியியலாளராக இருந்த கார்பெட்டின் பெயரால் 1928-இல் பெயரிடப்பட்ட இனம் அது. உங்கள் வர்ணனையில் நீளமான இழை எதுவும் இல்லை. பையும் ஒரு விரல் கணுவுக்கு மேல் இல்லை என்கிறீர்கள். ஆகையால் மெட்டிசா பிளானாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எழுத்தில் படித்த வர்ணனையைக் கொண்டு இனத்தை அறுதியிட்டுச் சொல்வது முறையல்ல. கொய்யாவில் இருப்பது வேறோர் இனமாகவும் இருக்கலாம். இனி நான் சொல்பவை மெட்டிசா பிளானாவை மனத்தில் வைத்துச் சொல்பவை.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். வெளிவந்த சிறிது நேரத்திலேயே இலைத் தோலைச் சுரண்டி, வாயிலிருந்து வரும் பட்டிழையால் அந்தத் துகள்களைப் பிணைத்துத் தன்மேல் ஒரு கூம்பைக் கட்டிக்கொள்கிறது. அதன்பின் அது அந்தக் கூம்பைவிட்டு வெளியே வருவதில்லை. தலையையும் முன்னங்கால்களையும் மட்டும் அகன்ற முனையில் நீட்டி நடக்கிறது, தின்கிறது. குறுகிய கீழ் முனையின் சிறு துளை வழியாகக் கழிவை வெளியேற்றுகிறது. உடல் வளர வளர வாய்ப்பக்கத்தில் புதிய தழைத் துண்டுகளைச் சேர்த்துப் பையை நீட்டிக்கொண்டே போகிறது. தோலுரிக்க வேண்டிய வேளையில் பையை இலையோடு பட்டால் கட்டி, வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே உரிக்கிறது. இளம்புழு இலையின் மேல்தோலை மட்டும் சுரண்டுவதால் அந்த இடம் பழுப்புத் திட்டாகக் காய்கிறது; முதிர்ந்த புழு துளையே போட்டுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஓலை தீயில் வாட்டியது போலத் தெரிவது இதனால்தான். புழுப்பருவம் ஏறத்தாழ பத்து வாரம். முட்டை முதல் முட்டை வரை கணக்கிட்டால் சுமார் மூன்று மாதம்.

இப்போது உங்கள் போத்தலுக்கு வருகிறேன். கூட்டுப்புழுவாகும் முன் புழு பையின் வாயைப் பட்டால் மூடிவிட்டு, உள்ளே தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. இனி வெளியேறும் வழி கீழ் முனைதான். அந்தப் பைகளை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலவற்றின் கீழ் முனையில் பழுப்பு நிறக் காலித் தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதிலிருந்து ஆண் வெளியேறிவிட்டது என்று பொருள். சிலவற்றின் பக்கவாட்டில் குண்டூசியால் குத்தியது போன்ற வட்டத் துளை இருந்தால், அங்கே பைப்புழு பிழைக்கவில்லை. அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி துளையிட்டு வெளியேறியிருக்கிறது. துளையும் இல்லை, நீட்டிய தோலும் இல்லை, ஆனால் பை கனமாக இருக்கிறது என்றால், ஒரு சவர அலகால் நீளவாக்கில் மெல்லக் கீறித் திறந்து பாருங்கள். உள்ளே கூட்டுப்புழுவின் ஓடு இருக்கும்; அந்த ஓட்டுக்குள், சிறகும் இல்லாமல் பயன்படும் கால்களும் இல்லாமல், வெளிர் மஞ்சள் நிறத்தில், உடல் முழுவதும் முட்டையாக ஓர் உயிர் இருக்கும். அதுதான் பெண் அந்துப்பூச்சி. நீங்கள் காத்திருந்தது வீணாகப் போகவில்லை. பறப்பதற்குரிய உறுப்பே அதற்கு இல்லை. முழு வளர்ச்சி அடைந்த பின்னும் புழுவைப் போன்ற உருவத்திலேயே, தான் கட்டிய பைக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது.

ஆணுக்கு மட்டுமே சிறகு உண்டு. சிறிய, பழுப்பு நிறமான, இறகு போன்ற உணர்கொம்புகளையுடைய பூச்சி அது. அதற்குத் தின்னும் வாயுறுப்பு செயல்படுவதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே சில நாள் உயிர் வாழ்கிறது. பெண் தன் பைக்குள் இருந்தபடியே காற்றில் ஒரு மணத்தைப் பரப்புகிறது. நமக்கு அது புலப்படாது. ஆண் அந்த மணத்தின் தடத்தைப் பிடித்து வந்து பையின்மேல் அமர்ந்து, தொலைநோக்கிக் குழாய் போல நீளக்கூடிய தன் வயிற்றுப் பகுதியைக் கீழ்த் துளை வழியாக உள்ளே செலுத்திப் பெண்ணோடு கூடுகிறது. ஆண் பூச்சிகள் எந்தப் பகுதியில், எப்போது வெளிவருகின்றன என்று அறிய, இணைசேராத பெண்களைப் பைகளோடு ஒட்டுப்பொறிக்குள் வைத்து ஆண்களைப் பிடிக்கும் முறையை மலேசியச் செம்பனை ஆய்வாளர்கள் கையாண்டிருக்கிறார்கள். அந்தப் பொறியில் ஓர் இரவின் பின் ஒட்டியிருக்கும் சிறு சிறகுகளைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தோட்டத்தில் அந்துப்பூச்சியே இல்லை என்ற எண்ணம் ஒருபோதும் வராது.

பெண் நகராது என்றால் இனம் எப்படிப் பரவுகிறது? புதிதாகப் பொரித்த புழுக்களால். தாயின் பையிலிருந்து அவை கீழ்த் துளை வழியாக வரிசையாக இறங்கி, பட்டிழையில் தொங்கி, காற்று வீசும்போது இழையோடு மிதந்து போகின்றன. பெரும்பாலானவை பக்கத்து ஓலையிலும் பக்கத்து மரத்திலும் விழும். சில தூரம் போகும். பைகள் வெட்டிய மட்டைகளிலும் லோரியிலும் தொழிலாளர்களின் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வதும் உண்டு. இப்படிப் பரவுவதால்தான் தாக்குதல் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் தோன்றாமல், ஓரிடத்தில் திட்டாகத் தொடங்கி, தலைமுறைக்குத் தலைமுறை அகலமாகிறது. உங்கள் கொய்யா மரம் தோட்டத்து வேலியிலிருந்து காற்றுப்போக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இது வெளிநாட்டுப் பூச்சியா என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது. அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்தது செம்பனை மரம்தான். மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய அந்த மரத்தின் நான்கு கன்றுகள் 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. தென்கிழக்காசியாவின் செம்பனைத் தோட்டங்களுக்கு அவையே மூலம். மலாயாவில் வாணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது உங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல், ஆன்ரி ஃபோகொனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரரின் முயற்சியால். பைப்புழுவோ இந்த வட்டாரத்துக் காட்டுக்கு உரியது. ஒரே வகை மரத்தை மட்டும் நம்பி வாழாதது. தென்னையிலும் அது உண்டு. அதன் உறவான டெரோமா பெண்டுலா பத்தாய் மரத்திலும் அகாசியாவிலும் காணப்படுகிறது.

பல்வேறு மரங்கள் கலந்து நிற்கும் காட்டில், காற்றில் மிதக்கும் ஒரு மில்லிமீட்டர் புழுவின் நிலையை எண்ணிப் பாருங்கள். அது விழும் இலை தனக்கு ஒத்துவராத இலையாக இருக்கலாம், தரையாக இருக்கலாம், எறும்பின் வழியாக இருக்கலாம். தாய் நகர முடியாததால் நல்ல இலையைத் தேடிச் சென்று முட்டையிடும் வசதியும் இல்லை. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஒரே பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. சிறகைக் கைவிட்டு, அந்த ஆற்றல் முழுவதையும் முட்டையில் போட்ட உயிர் இது என்று சொன்னால் மிகையாகாது. அப்படிப்பட்ட உயிருக்கு, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 140 மரங்கள் வீதம், ஓலைநுனி ஓலைநுனியைத் தொடும்படி, 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒரே மரத்தை நட்டுக் கொடுத்தோம். விழும் இடமெல்லாம் இலை. காட்டில் இறக்க வேண்டியவை தோட்டத்தில் இறக்கவில்லை. பூச்சியின் குணம் எதுவும் மாறவில்லை. அது விழும் தரை மாறியது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எனினும் மரம் மட்டுமே காரணம் என்றால் செம்பனை வந்த காலம் முதலே தோட்டங்கள் காய்ந்திருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. மலாயாத் தோட்டங்களில் பெருந்தாக்குதல்கள் கடுமையானது 1950-களின் பிற்பகுதியிலிருந்துதான். டிடிடி, டீல்ட்ரின், எண்ட்ரின் போன்ற, பட்டதையெல்லாம் கொல்லும், நெடுநாள் நச்சு நீடிக்கும் மருந்துகள் தோட்டங்களில் பரவலாக அடிக்கப்பட்ட காலம் அது. பையின் பாதுகாப்பில் இருந்த புழுக்களில் பல தப்பின. இலைமேல் திறந்தவெளியில் திரிந்த குளவிகளும் கொன்றுண்ணி வண்டுகளும் மூட்டைப்பூச்சி இனத்து வேட்டைப்பூச்சிகளும் மடிந்தன. பூச்சியியலாளர் பிரையன் உட் இந்தத் தொடர்பை 1960-களில் ஆராய்ந்து எழுதினார். அதே காலத்தில் சபாவில், காடழித்து உருவாக்கிய கொக்கோ தோட்டங்களில் சூழலியலாளர் கோர்டன் கோன்வேயும் இதையே கண்டார். அங்கே மருந்து கூடக் கூடப் பூச்சிகளும் கூடின. 1961-இல் பொதுவான மருந்தடிப்பு நிறுத்தப்பட்டதும் இயற்கை எதிரிகள் திரும்பி வந்து பெரும்பாலான பூச்சிகள் அடங்கின. பைப்புழுவுக்கு மட்டும் சில காலம் தேர்ந்தெடுத்த மருந்து தேவைப்பட்டது. பட்டை துளைக்கும் ஒரு காட்டு அந்துப்பூச்சி, தோட்ட ஓரத்தில் முளைத்திருந்த காட்டு மரங்களிலிருந்தே கொக்கோவுக்குத் தாவியது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. மருந்து அடிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்த வரலாற்றைத்தான் சொல்வேன்.

பைப்புழுவைத் தின்னும் உயிர்களின் பட்டியல் நீளமானது. டோலிகோஜெனிடியா மெட்டிசே என்னும் மிகச் சிறிய குளவி இளம்புழுவிலேயே முட்டையிடுகிறது. அதன் பெயரிலேயே மெட்டிசாவின் பெயர் இருக்கிறது. பிரக்கிமேரியா, கோரிஃபஸ் முதலிய குளவிகள் முதிர்ந்த பருவங்களைத் தாக்குகின்றன. காலிமெரஸ் என்னும் வண்டும், சிகானஸ், கோஸ்மொலெஸ்டெஸ் முதலிய ஊசிவாய்ப் பூச்சிகளும் பைக்குள் இருப்பதையே வேட்டையாடுகின்றன. இந்தக் குளவிகளின் புழுக்கள் பைப்புழுவைத் தின்றாலும், பறக்கும் குளவிக்கு வேண்டியது தேன். தோட்டச் சாலைகளின் ஓரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகக் காலையில் மலர்ந்து நண்பகலில் சுருங்கும் துர்னேராச் செடியையும், மஞ்சள் பூங்கொத்து விடும் காசியாவையும், இளஞ்சிவப்பு நிறக் கொடிரோஜாவையும் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை குளவிகளுக்கு உணவு வைப்பதற்காக நட்டவை. களையெடுப்பவர்கள் அவற்றையும் சேர்த்து மருந்தடித்து அழிப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. சில செய்திகளை அதே உறுதியோடு சொல்ல முடியாது. ஒரு பெண் இடும் முட்டை சுமார் 100 என்று ஓர் ஆய்வும் 300 வரை என்று வேறு ஆய்வும் சொல்லும். புழு தின்ற இலையின் தரத்தைப் பொறுத்துப் பெண்ணின் பருமனும் முட்டையின் எண்ணிக்கையும் மாறுவதால், இரண்டும் சரியாக இருக்கக்கூடும். வறண்ட மாதங்களில் தாக்குதல் கூடும் என்பது தோட்டத்து மூத்தவர்களின் அனுபவம்; கனமழை இளம்புழுக்களைக் கழுவித் தள்ளும் என்பதால் அது நம்பத்தக்கதே, ஆனால் மழை பெய்த ஆண்டுகளிலும் பெருந்தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. லோரிகள் ஓடும் மண் சாலையோரத்தில் தூசி படிந்த ஓலைகளில் புழு அதிகம் என்பார்கள். தூசி குளவிகளுக்கு இடைஞ்சல் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நானும் சாலையோரத் திட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவை வண்டிகள் கொண்டுவந்து சேர்த்த பைகளாகவும் இருக்கலாம். இரண்டு விளக்கமும் ஒரே காட்சிக்குப் பொருந்தும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்வது நேர்மையாகாது.

பிள்ளைகளைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். பைப்புழு கொட்டாது, அரிக்காது. செம்பனையில் கொட்டுவது வேறு கூட்டம்: பச்சை உடலும் முள்முடிகளும் கொண்ட, நத்தை போல ஊரும் புழுக்கள். பழம் வெட்டுபவர்கள் கையிலும் கழுத்திலும் தீப்பட்டது போல எரிகிறது என்று சொல்வது அவற்றால்தான். வண்ணமும் முள்ளும் உள்ள புழுவைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் போதும்.

கொய்யா மரத்துக்கு மருந்து வேண்டாம். கைக்கு எட்டும் பைகளைக் கத்தரித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பட்டிழை மிக உறுதியானது. பிய்த்து இழுத்தால் இலை கிழியும். பக்கவாட்டில் வட்டத் துளையுள்ள பைகள் பாதிக்கு மேல் இருந்தால் அதைக்கூடச் செய்ய வேண்டியதில்லை, உங்களுக்காகக் குளவிகள் வேலையைத் தொடங்கிவிட்டன.

செம்பனையின் கதை வேறு. இலைப்பரப்பில் பத்து முதல் பதின்மூன்று விழுக்காடு சேதமே விளைச்சலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். குலையில் தெரியும் அந்த இழப்பு ஓலை பச்சையான பின்னும் நீடிக்கும். அதனால்தான் தோட்டங்களில் மட்டையை வெட்டிக் கீழே போட்டு, சிற்றிலைகளைப் புரட்டி, உயிருள்ள புழுக்களை மட்டும் எண்ணுகிறார்கள். மெட்டிசா பிளானாவாக இருந்தால் மட்டைக்குச் சுமார் 10 என்பது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. காலிப் பைகளையும் சேர்த்து எண்ணினால் தேவையில்லாத மருந்து செலவாகும். பை உலர்ந்து நொறுங்குகிறதா, அழுத்தினால் ஈரம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் அந்தச் சலிப்பில்தான் சரியான முடிவு இருக்கிறது. அளவு மீறினால் இப்போது விரும்பப்படுவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா. புழு தின்றால் மட்டுமே அது வேலை செய்யும். குளவியையும், 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்று செம்பனைப் பூக்களை மகரந்தம் சேர்க்கும் சிறு வண்டையும் விட்டுவிடும். ஆனால் புழு இளமையாக, பரவலாகத் தின்றுகொண்டிருக்கும் வாரங்களில் அடித்தால்தான் பலன். பையை மூடிக்கொண்ட பின் அடிப்பது காசைக் கரியாக்குவது.

பைப்புழு 2013 முதல் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆபத்தான பூச்சியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நிலத்துக்குரியவர் அதைக் கட்டுப்படுத்தக் கடமைப்பட்டவர். வேலிக்கு அப்பால் ஓலைகள் வாட்டியது போலத் தெரிந்தால் தோட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். சொல்லும்போது எந்தப் பகுதி, எத்தனை மரம், புழு சிறியதா முதிர்ந்ததா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். புழுவின் வயது தெரியாமல் மருந்தடிக்கும் நாளைக் குறிக்க முடியாது.